ரூட்டர் அணைந்த பிறகும் விளக்கு எரியுமா?

சென்னை வீடுகளில் ஆள் கை படாமல் இயங்கத் தொடங்கிய முதல் பொருள் தண்ணீர் மோட்டார்தான். அலெக்சா வருவதற்கு வெகு முன்பே கே.கே. நகர் அடுக்குமாடிகளின் படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய பெட்டி பச்சையும் சிவப்புமாக விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தொட்டி காலியானால் மோட்டாரைப் போடும், நிறைந்தால் அணைக்கும், சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் போடாது. அதற்கு ஆப் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, இணையமும் வேண்டாம். கெட்டுப்போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்.

இன்று அதே தெருக்களில் காட்சி மாறிவிட்டது. வீட்டு வசதி வாரியம் செக்டர் செக்டராகப் பிரித்துக் கொடுத்த மனைகளில் பழைய தனி வீடுகள் இடிபட்டு, கீழே கார் நிறுத்தமும் மேலே நான்கு மாடியுமாகப் புதுக் கட்டடங்கள் எழும்புகின்றன. பில்டர்கள் காட்டும் வசதிப் பட்டியலில் மாடுலர் கிச்சனுக்கு அடுத்த வரியாக ‘ஸ்மார்ட் ஹோம்’ இடம்பிடிக்கிறது. பழைய ஃபிளாட்டில் இருப்பவர்களும் வைஃபை பல்பு, வைஃபை பிளக், வாசல் கேமரா என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். எந்த கம்பெனி நல்லது என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். வாங்கிய பிறகு அந்தப் பொருள் யார் சொல்படி நடக்கும் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

ஹாலில் உட்கார்ந்தபடி போனில் ‘ஆன்’ அழுத்தும்போது என்ன நடக்கிறது? வணிகத் தயாரிப்புகள் பலவற்றில் அந்தக் கட்டளை போனிலிருந்து ரூட்டர் வழியாக வெளியேறி, மும்பையிலோ கடல் கடந்தோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. சர்வர் கணக்கைச் சரிபார்த்து, கட்டளையை அதே ரூட்டருக்குத் திருப்பி அனுப்புகிறது. பத்தடி தள்ளியிருக்கும் பல்பு அதன் பிறகே எரிகிறது. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இந்தப் பயணம் யார் கண்ணிலும் படாது. ஃபைபர் கேபிள் அறுந்த நாளிலும், மின்தடையில் வீட்டு இன்வர்ட்டர் ஓடினாலும் இணைய நிறுவனத்தின் பெட்டி உயிரிழந்த நேரத்திலும்தான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் மூன்றையும் பார்த்த ஊர் இது. மின்சாரம் வந்த பிறகும் இணையம் வராத வீடுகள் எத்தனையோ. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் வெளியூர் சர்வரின் அனுமதி தேவைப்படும் ஏற்பாடு சென்னைக்குப் பொருந்தாது.

கடையில் பெட்டியின் மேல் இருக்கும் பெயரும் பெரிதாக உதவாது. 2014-ல் சீனாவின் ஹாங்சோவில் தொடங்கப்பட்ட டுயா என்ற நிறுவனம், சில்லு, மென்பொருள், சர்வர், ஆப் எல்லாவற்றையும் தயாராகக் கொடுத்துவிடுகிறது. அதன் மேல் தன் பெயரை அச்சிட்டு விற்பது மட்டுமே பல பிராண்டுகளின் வேலை. இந்தியப் பெயர் தாங்கிய பல பல்புகளுக்கும் பிளக்குகளுக்கும் பின்னால் இருப்பது இந்தத் தளமே. இதில் தவறு ஒன்றுமில்லை, விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வாரண்டி ஒருவர் கையிலும் சர்வர் இன்னொருவர் கையிலும் இருக்கிறது என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்வர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, நடந்த கதைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ரெவால்வ் என்ற ஹப் 300 டாலருக்கு விற்றது. அந்த நிறுவனத்தை 2014-ல் கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் வாங்கியது. 2016 மே 15-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் அன்றே பயனற்றுப் போயின. லோஸ் என்ற பெரிய கடைச் சங்கிலி நடத்திய ஐரிஸ் சேவை 2019 மார்ச்சில் மூடப்பட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனம் வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சர்வர்களை அணைத்தது. ஆப் திறக்கவில்லை, நேரம் வைத்து எரிந்த விளக்குகள் நின்றன. இன்ஸ்டியான் கருவிகளை ஹோம் அசிஸ்டண்ட் என்ற திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளோடு வீட்டுக்குள்ளேயே இணைத்திருந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி உயிர் கொடுத்தார்கள். பெல்கின் நிறுவனம் தன் வீமோ பிளக்குகளுக்கும் சுவிட்சுகளுக்கும் 2026 ஜனவரி 31-ஓடு ஆதரவு முடிகிறது என்று 2025 ஜூலையில் அறிவித்தது.

நிறுவனம் நன்றாக நடந்துகொண்டிருந்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 அக்டோபர் 20-ம் தேதி அமேசானின் கிளவுட் சேவையில் ஏற்பட்ட கோளாறில் அலெக்சாவும் ரிங் கேமராக்களும் பல மணி நேரம் தடுமாறின. 2023 நவம்பரில் சேம்பர்லேன் நிறுவனம், தன் கேரேஜ் கதவுகளைப் பிற மென்பொருட்கள் இயக்க முடியாதபடி வழியை அடைத்தது. பொருள் பழுதாகவில்லை, வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நேற்றுவரை செய்த வேலையை இன்று செய்ய மறுத்தது, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக வளர்ந்ததுதான் திறமூல அமைப்பு. ஜெர்மனியைச் சேர்ந்த கை குரோய்ட்சர் 2010-ல் ஓப்பன்ஹாப் திட்டத்தைத் தொடங்கினார். 2013-ல் டச்சு நிரலாளர் பவுலஸ் ஸ்கௌட்சன் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கியது ஹோம் அசிஸ்டண்ட். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் 2024 ஆண்டறிக்கையில் மிக அதிகமான பங்களிப்பாளர்களைக் கொண்ட திறமூலத் திட்டங்களில் இது முன்னணியில் நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் இதன் உரிமை, லாப நோக்கமற்ற ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற சுவிஸ் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. நாளை யாரோ ஒரு பெரிய கம்பெனி இதை விலைக்கு வாங்கி மூடிவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

அமைப்பு எளிமையானது. வீட்டு மூலையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோ பழைய மினி கணினியோ 24 மணி நேரமும் ஓடும். அதில் ஹோம் அசிஸ்டண்ட் இருக்கும். பல்பு, பிளக், சென்சார், ஏசிக்கான இன்ஃப்ராரெட் ரிமோட் எல்லாம் வீட்டு வைஃபை வழியாகவோ ஜிக்பீ என்ற ரேடியோ அலை வழியாகவோ அதனோடு பேசும். கட்டளை வீட்டு வாசலைத் தாண்டாது. வெளியூரிலிருந்து பார்க்க விரும்பினால் மட்டும் இணையம் வேண்டும். கைத்தொழில் ஆர்வம் உள்ளவர்கள் சென்சாரைக்கூட வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈ.எஸ்.பி.32 போர்டில் ஈ.எஸ்.பி.ஹோம் என்ற திறமூல மென்பொருளை ஏற்றினால் அது எந்த சர்வரையும் தேடாத ஒரு ஸ்மார்ட் கருவியாகிவிடும்.

இந்த வழி தமிழ்நாட்டு வீட்டுக்கு என்ன தருகிறது என்பதை கரண்ட் பில்லில் பார்க்கலாம். இங்கே மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதோடு நிற்காது, கீழே உள்ள அடுக்குகளின் விலையும் மாறிவிடும். 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணப்படி கணக்குப் போட்டால், 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். அதன் பிறகு கட்டணம் உயர்ந்திருக்கிறது, ஆனால் 500 என்ற கோடு அப்படியே இருக்கிறது. மே மாத வெயிலில் ஏசி ஓடும் வீட்டில், ரீடிங் எடுக்க இன்னும் பத்து நாள் இருக்கையில் 440 யூனிட் ஆகிவிட்டது என்று தெரிந்தால் குடும்பம் கொஞ்சம் கவனமாக இருக்கும். தெரியாததால்தான் பில் வந்த பிறகு திகைக்கிறார்கள்.

ஸ்மார்ட் பிளக்கோடு வரும் ஆப் மின்செலவு காட்டும், உண்மைதான். ஆனால் அது காட்டுவது அந்த ஒரு பிளக்கின் செலவை, அதுவும் காலண்டர் மாதக் கணக்கில். இரண்டு மாதச் சுழற்சியும் 500 யூனிட் கோடும் உலகச் சந்தைக்காக எழுதப்பட்ட ஆப்புக்கு எதற்கு? ஹோம் அசிஸ்டண்டில் மீட்டர் கணக்குக்கான வசதியில் தினம், வாரம், மாதம் என்ற வரிசையில் இரண்டு மாதமும் ஒரு தெரிவாகவே இருக்கிறது. 450 தாண்டினால் வீட்டிலுள்ள எல்லோர் போனுக்கும் செய்தி அனுப்பு என்று ஒரு விதி எழுதிக்கொள்ளலாம்.

அளவெடுக்கவும் வயரிங்கைத் தொட வேண்டியதில்லை. ஈ.பி. மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்போம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று போட்டிருந்தால் 3200 துடிப்புக்கு ஒரு யூனிட். அந்த விளக்குக்கு எதிரே ஒளி உணரும் சென்சார் ஒன்றை நிறுத்தி, துடிப்புகளை எண்ணினால் போதும். சீலைத் தொடக் கூடாது, மீட்டரில் எதையும் ஒட்டக் கூடாது, அது மின்வாரியத்தின் சொத்து. அடுக்குமாடிகளில் மீட்டர்கள் தரைத்தளத்தில் இருப்பதால் மூன்றாவது மாடி வைஃபை அங்கே எட்டாது, அதற்கு ஒரு சின்ன ரிப்பீட்டர் தேவைப்படும். தி. நகரில் மின்வாரியம் 1.4 லட்சம் அளவில் ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தியது. மாநிலம் முழுக்க அவை வரும்போது, தன் மீட்டரின் கணக்கை நுகர்வோர் உடனுக்குடன் தன் வீட்டிலேயே படிக்க ஒரு திறந்த வழி வைக்கப்பட வேண்டும். இந்த சென்சார் வேலையே பிறகு தேவைப்படாது.

மோட்டார் இன்னொரு பாடம். கடைகளில் கிடைக்கும் வைஃபை ஸ்மார்ட் சுவிட்சுகளில் பல 10 ஆம்பியர் ரிலே கொண்டவை. விளக்குக்கும் ஃபேனுக்கும் அது போதும். தண்ணீர் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. நேராக இணைத்தால் ரிலேயின் முனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும், ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ரிலே, கான்டாக்டர் என்ற கனரக சுவிட்சை இயக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு இது தெரியும், ஆப்பைப் பார்த்து வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

தொட்டியின் மட்டம் பார்க்க மலிவான திறந்த அல்ட்ராசோனிக் சென்சாரைப் போட்டால், தொட்டிக்குள் இருக்கும் ஈரத்தில் அது சில மாதங்களில் துருப்பிடித்துப் போகும். மூடிய, நீர் புகாத வகையைப் போட வேண்டும். அந்த வகையும் 20 சென்டிமீட்டருக்குள் வரும் தண்ணீரைச் சரியாக அளக்காது, ஆகவே மூடிக்கு மேலே சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஈ.எஸ்.பி.ஹோம் கருவி, ஹோம் அசிஸ்டண்டோடு தொடர்பு அறுந்து 15 நிமிடம் ஆனால் தானாகவே மறுபடி தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பல்பில் இது நல்ல ஏற்பாடு. மோட்டாரில், பாதித் தொட்டி நிறையும்போது நின்றுபோகக் காரணமாகும். அந்த 15 நிமிடத்தைப் பூஜ்யமாக்கி, நிறைந்தால் நிறுத்து என்ற விதியை அந்தச் சில்லுக்குள்ளேயே எழுதிவிட்டால், வைஃபையும் மையக் கணினியும் போனாலும் மோட்டார் தன் வேலையைச் சரியாகச் செய்யும். அப்போதும் பழைய மிதவை சுவிட்ச் ஒன்று தனியே இருப்பது நல்லது.

இந்த ஒரு பத்தியிலேயே திறமூல வழியின் பலமும் விலையும் தெரிகிறது. எதையும் நம் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், மாதாமாதம் வரும் புதிய பதிப்பில் எது மாறியது என்று பார்க்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பொறியாளர் மகனோ மகளோ. அவர் வேலைக்கு அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் போய்விட்டால், மெமரி கார்டு கெட்ட நாளில் வீட்டிலிருக்கும் பெற்றோர் யாரைக் கூப்பிடுவார்கள்? வணிக நிறுவனத்துக்கு ஒரு கஸ்டமர் கேர் எண்ணாவது இருக்கிறது. வேலை நடக்காவிட்டால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போடவும் எதிரே ஒரு ஆள் இருக்கிறார்.

திறமூலம் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்றும் கொள்ளக் கூடாது. 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டண்டில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்வேர்டு இல்லாமலே வெளியாள் உள்ளே வரக்கூடிய அந்த ஓட்டை 2017 முதலே இருந்திருக்கிறது. நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தும் ஆறு ஆண்டு யாரும் பார்க்கவில்லை. கண்டுபிடித்ததும் விரைவாக அடைத்தார்கள், வெளிப்படையாக அறிவித்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. அப்டேட் செய்யாமல் விட்டிருந்த வீடுகளுக்கு அந்தப் பெருமையால் பயனில்லை.

திறமூலத்தை நம்பி இறங்கும் அனுபவம் சென்னைக்குப் புதிதல்ல. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அப்போதைய மேலாண் இயக்குநர் சி. உமாசங்கர் முயற்சியில், தன் அலுவலகக் கணினிகளையும் அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளையும் சூசே லினக்ஸுக்குக் கொண்டுபோனது. அதே காலத்தில் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை உருவாக்கி வெளியிட்டது. 2011-ல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எத்தனை மாணவர்களின் அண்டை வீட்டிலோ பள்ளியிலோ லினக்ஸில் ஒரு சந்தேகம் கேட்க ஆள் இருந்தது? திறமூலத்துக்குத் தேவை அந்த ஆள். மாதந்தோறும் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவும், 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம் மின்னிதழும் அந்த இடத்தை நிரப்ப உழைத்திருக்கின்றன. வீட்டுத் தானியக்கத்திலும் அப்படி ஒரு தெருமுனை ஆதரவு உருவாக வேண்டும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் படிக்கும் மாணவருக்கு ஈ.எஸ்.பி. போர்டும் கான்டாக்டரும் ஒரே பாடத்தில் கற்பிக்கப்பட்டால் கே.கே. நகர் போன்ற பகுதிகளில் அவருக்கு நாளும் வேலை இருக்கும்.

மொழி இன்னொரு பெரிய விஷயம். அலெக்சா 2017-ல் இந்தியாவுக்கு வந்தது, 2019-ல் இந்தி பேசத் தொடங்கியது. தமிழ்ப் பாட்டைப் போடும், தமிழில் சொன்னால் விளக்கைப் போடாது. குரலால் இயங்கும் வீடு அதிகமாகத் தேவைப்படுவது யாருக்கு? கே.கே. நகரிலேயே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டும் பக்கவாதம் வந்தும் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்களில் பலருக்குப் படுக்கையிலிருந்து ஃபேன் ரெகுலேட்டர் எட்டாது. ஃபேனைப் போடு என்று தமிழில் சொன்னால் சுற்றுமானால் அது அவருக்கு ஆடம்பரம் அல்ல, நாள் முழுவதும் இன்னொருவரைக் கூப்பிடாமல் இருக்கும் சுயமரியாதை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான பேச்சறி மாதிரிகளைத் திறமூலமாகவே வெளியிட்டிருக்கிறது. ஹோம் அசிஸ்டண்டில் குரல் வசதியின் ஒவ்வொரு பகுதியையும் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடியும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான தமிழ்ப் பேச்சறி மாதிரியை கே.கே. நகர் வீட்டில் பொருத்தத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, செய்து முடிக்க ஆட்கள்தான் வேண்டும். மூடிய அமைப்பில் அந்த நிறுவனம் மனம் வைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கேமரா விஷயத்தில் தயக்கமே வேண்டாம். 2023 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையம் ரிங் நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கையில், ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று குற்றம் சாட்டியது. நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. சட்டம் முழு வலிமையோடு இயங்கும் வரையிலாவது, படுக்கையறை, ஹால் போன்ற உள்ளிடங்களில் கிளவுடுக்குப் படம் அனுப்பும் கேமரா வைப்பது தவறான முடிவு. பதிவு வீட்டிலேயே உள்ள மெமரி கார்டிலோ ரெக்கார்டரிலோ இருக்கட்டும்.

வணிகமா திறமூலமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கத் தேவையில்லாத பகுதியும் வளர்ந்துவருகிறது. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரத்தை ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் ஏற்றிருக்கின்றன. மேட்டர் முத்திரை உள்ள பிளக் வீட்டுக்குள்ளேயே நேராகப் பேசும். ஒரே நேரத்தில் அலெக்சாவிலும் ஹோம் அசிஸ்டண்டிலும் அதைச் சேர்க்கலாம். ஐ.ஐ.டி. பம்பாயில் படித்தவர்கள் தொடங்கிய ஆட்டம்பெர்க், தன் ஸ்மார்ட் ஃபேன்களைப் பிறர் மென்பொருள் இயக்குவதற்கான இடைமுகத்தைத் தானே வெளியிட்டது. இங்கே ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய சக்தி என்ற திறமூலச் செயலியை அடித்தளமாகக் கொண்டு மைண்ட்குரோவ் என்ற சென்னை நிறுவனம் 2024-ல் வீட்டுக் கருவிகளுக்கான பாதுகாப்புச் சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தியது. திறந்த வடிவமைப்பில் லாபகரமான வணிகம் நடத்த முயலும் நிறுவனங்கள் இவை.

பில்டர்கள் உயர்விலை வீடுகளில் போடும் கே.என்.எக்ஸ். வயர் அமைப்பும் இந்த நடுப்பகுதியைச் சேர்ந்ததுதான். ஷ்னைடர், ஏ.பி.பி. போன்ற பல நிறுவனங்கள் ஒரே தரத்துக்குக் கருவி செய்கின்றன, சர்வர் எதுவும் தேவையில்லை, பல ஆண்டுகள் உழைக்கும். சிக்கல் ஒரே ஒரு இடத்தில். எந்த சுவிட்ச் எந்த விளக்கை இயக்க வேண்டும் என்ற விவரம் முழுவதும் ஈ.டி.எஸ். என்ற மென்பொருளில் உருவாக்கிய ஒரு ப்ராஜெக்ட் ஃபைலில் இருக்கும். அதை அமைத்துக் கொடுத்தவர் ஒப்படைக்காமல் போனால், பின்னால் ஒரு சுவிட்சை மாற்றவும் அவரையே தேட வேண்டும்.

இனி யாருக்கு எது? வாடகைக்கு இருப்பவர் வயரிங்கைத் தொட முடியாது. அவருக்கு வணிக பிளக்கும் பல்புமே பொருத்தம், மேட்டர் முத்திரை பார்த்து வாங்கினால் வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம். முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஹோம் அசிஸ்டண்டைப் போட்டுவிட்டு வெளிநாடு போவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. அங்கே உள்ளூர் டீலர் உள்ள நிறுவனத்தின் கருவியை, பழைய சுவிட்சும் அப்படியே வேலை செய்யும் விதமாக, சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் பொருத்துவது மேல். நம் ஊர் போர்டுகளில் பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் பெரும்பாலும் நியூட்ரல் வயர் அங்கேயே கிடைக்கும், வேலை சுலபம். சொந்த வீடும் கற்கும் ஆர்வமும் உள்ள குடும்பம் திறமூலத்துக்குத் தயங்காமல் போகலாம். ஒரே நிபந்தனை, குறைந்தது இரண்டு பேருக்காவது அதை இயக்கத் தெரிய வேண்டும், பேக்கப் வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். மோட்டார், கீசர், கதவுப் பூட்டு மூன்றும் எந்த வீட்டிலும் சர்வரை நம்பி இருக்கக் கூடாது.

கடையில் வாங்கும்போது ஒரு சோதனை கேளுங்கள். கருவியை இணைத்து ஓடவிட்டு, ரூட்டருக்கு வரும் இணைய வயரை மட்டும் பிடுங்கச் சொல்லுங்கள். ஆப்பிலிருந்து விளக்கு எரிந்தால் வாங்கலாம். பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு தருவார்கள் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். இங்கே கேட்கிறவர்கள் பெருகினால்தான் அது பெட்டியின் மேல் அச்சாகும்.

புது ஃபிளாட் வாங்குகிறவர்கள், சாவி கைக்கு வரும் நாளில் பத்திரத்தோடு இவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வயரிங் வரைபடம், கே.என்.எக்ஸ். என்றால் அதன் ப்ராஜெக்ட் ஃபைல், ஸ்மார்ட் அமைப்பின் நிர்வாகக் கணக்கும் பாஸ்வேர்டும் உங்கள் பெயரில். இவை கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.